ஒரே மைக்ரோகண்ட்ரோலரில் சி, சி++, ரஸ்ட்: மெயினுக்கு முன் யார் என்ன செய்ய வேண்டும்?

கேள்வியின் சாரம் இது. கார்டெக்ஸ்-எம்4 சிப் ஒன்றில், தயாரிப்பாளர் தந்த சி ட்ரைவர்களை நம்பி ஓடும் ஃபர்ம்வேர் (சிப்பிலேயே பதிந்து ஓடும் நிரல்) இருக்கிறது. புதிதாகச் சேர்க்கும் பகுதிகளில் ஒன்றை சி++ மொழியிலும் இன்னொன்றை ரஸ்டிலும் எழுத வேண்டும். தனித்தனியாக கம்பைல் ஆகிறது. எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்க லிங்கரிடம் கொடுத்தால் கேள்விப்படாத சிம்பல்களை, அதாவது ஃபங்ஷன், மாறிகளின் பெயர்களை, கேட்கிறது. அதைச் சரிசெய்தால், நிரலின் தொடக்க ஃபங்ஷனான மெயினுக்கு வருவதற்குள் ஹார்ட் ஃபால்ட் (செயலி மேலே ஓட முடியாத கடும் பிழை). மொழிகளைக் கலப்பதே தவறா?

தவறில்லை, தாராளமாகக் கலக்கலாம். எந்த மொழியில் எழுதினாலும் கடைசியில் லிங்கருக்குக் கிடைப்பது ஒரே வகை ஆப்ஜெக்ட் கோப்புகள்தான். ஆனால் ஒவ்வொரு மொழியும், தன் முதல் வரி ஓடுவதற்கு முன் சில ஏற்பாடுகள் நடந்திருக்கும் என்று நம்பித்தான் கோட் உருவாக்குகிறது. மேசைக் கணினியில் அவற்றை ஆப்பரேட்டிங் சிஸ்டமும் அதோடு வரும் நூலகங்களும் பார்த்துக்கொள்ளும். மைக்ரோகண்ட்ரோலரில் அதற்கு ஆளில்லை. நீங்கள்தான் செய்ய வேண்டும். உங்கள் இரண்டு பிழைகளும் அங்கிருந்துதான் வருகின்றன. லிங்கர் கேட்பது விட்டுப்போன ஏற்பாடுகளை. ஹார்ட் ஃபால்ட் வருவது வரிசை மாறிய ஏற்பாட்டால்.

ரிசெட் ஆனதும் கார்டெக்ஸ்-எம் தானாகச் செய்வது இரண்டே காரியம். ஸ்டேக்கின் ஆரம்ப மதிப்பும் ஹேண்ட்லர்களின் முகவரிகளும் இருக்கும் வெக்டர் டேபிளின் முதல் 4 பைட்டை ஸ்டேக் பாயின்டரில் ஏற்றும். அடுத்த 4 பைட்டில் இருக்கும் முகவரிக்குத் தாவும். மற்ற எல்லாமே அந்த முகவரியில் இருக்கும் ரிசெட் ஹேண்ட்லரின் பொறுப்பு. சி-க்கு இரண்டு வேலை நடந்தால் போதும்: ஆரம்ப மதிப்புள்ள குளோபல்களை ஃப்ளாஷிலிருந்து ரேமுக்கு நகலெடுப்பது, மற்ற குளோபல்கள் இருக்கும் பிஎஸ்எஸ் பகுதியைப் பூஜ்யமாக்குவது. ரஸ்டும் இதற்கு மேல் கேட்பதில்லை. அதன் ஸ்டாட்டிக்குகளின் மதிப்பு கம்பைல் நேரத்திலேயே முடிவாகிவிடும். மெயினுக்கு முன் ஓட வேண்டிய கன்ஸ்ட்ரக்டர் எதுவும் அதில் இல்லை. பெயரளவில் சி-க்கு நெருங்கிய உறவாக இருந்தாலும், ஸ்டார்ட்அப்பில் அதிகம் கேட்பது சி++ தான்.

கன்ஸ்ட்ரக்டர் உள்ள குளோபல் ஆப்ஜெக்ட் ஒன்றை எழுதினால், சி++ கம்பைலர் அதற்கு ஒரு சிறு ஃபங்ஷன் உருவாக்கி, அதன் முகவரியை இனிட்-அரே என்ற பகுதியில் போட்டுவைக்கும். அந்தப் பட்டியலை யாராவது வரிசையாக அழைக்க வேண்டும். சிறு சிப்களுக்கான சி நூலகமான நியூலிப்பில் லிப்சி-இனிட்-அரே என்ற ஃபங்ஷன் இதற்காகவே இருக்கிறது. ரிசெட் ஹேண்ட்லர் மெயினுக்கு முன் அதை அழைத்தால் போதும். இது தவறுவது இரண்டு வகையில். ஸ்டார்ட்அப் கோப்பு சி-க்கு மட்டும் எழுதப்பட்டிருக்கும், அழைப்பே இருக்காது. அல்லது அழைப்பு இருக்கும், ஆனால் எந்தப் பகுதி எங்கே என்று சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்டில் அந்தப் பகுதியைச் சுற்றி, நீக்காதே என்னும் கீப் இருக்காது. அந்தப் பட்டியலை நேரடியாக யாரும் குறிப்பிடுவதில்லை என்பதால், பயன்படாத பகுதிகளை நீக்கும் ஜிசி-செக்‌ஷன்ஸ் ஃப்ளாக் அதைச் சத்தமில்லாமல் தூக்கிவிடும்.

அப்போது தெரியும் அறிகுறி விசித்திரமானது. கன்ஸ்ட்ரக்டர் ஓடாத ஆப்ஜெக்ட்டின் உள்ளே எல்லாம் பூஜ்யம். விர்ச்சுவல் ஃபங்ஷன்களின் முகவரிப் பட்டியலான விர்ச்சுவல் டேபிளைக் காட்டும் பாயின்டரும் பூஜ்யம். ஃப்ளாஷ் பூஜ்ய முகவரியிலும் தெரியும் சிப்களில் அங்கே இருப்பது வெக்டர் டேபிள். எனவே முதல் விர்ச்சுவல் ஃபங்ஷனை அழைத்தால் ஸ்டேக் பாயின்டரின் ஆரம்ப மதிப்பை முகவரியாக நினைத்துத் தாவி ஃபால்ட் ஆகும். இரண்டாவது விர்ச்சுவல் ஃபங்ஷனை அழைத்தால் ரிசெட் ஹேண்ட்லருக்கே போய்விடும்! ரிசெட் எதுவும் நடக்காமலே ஃபர்ம்வேர் திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஓடுவதைப் பார்த்தால் முதலில் இந்த இடத்தைச் சந்தேகியுங்கள்.

எம்4-இல் இன்னொரு வரிசைச் சிக்கலும் உண்டு. தசம எண் கணக்குகளைச் செய்யும் ஃப்ளோட்டிங் பாயின்ட் யூனிட் ரிசெட்டுக்குப் பின் அணைந்தே இருக்கும். சிபிஏசிஆர் ரெஜிஸ்டரின் 20 முதல் 23 வரையுள்ள பிட்களை 1 ஆக்கினால்தான் விழிக்கும். பொதுவாக தயாரிப்பாளரின் சிஸ்டம்-இனிட் ஃபங்ஷன் இதைச் செய்யும். குளோபல் கன்ஸ்ட்ரக்டர் ஏதாவது ஒன்றில் ஃப்ளோட் கணக்கு இருந்து, அது சிஸ்டம்-இனிட்டுக்கு முன் ஓடினால், மெயினுக்கு முன்பே ஃபால்ட். ஆகவே வரிசை: சிஸ்டம்-இனிட், டேட்டா நகல், பிஎஸ்எஸ் பூஜ்யம், கன்ஸ்ட்ரக்டர்கள், மெயின். சிஸ்டம்-இனிட்டை முதலில் வைத்தால், அதற்குள் குளோபல் மாறிகளில் எதையும் எழுதாதீர்கள். அடுத்த இரண்டு படிகளில் அது அழிந்துவிடும்.

கன்ஸ்ட்ரக்டருக்குள் ஹார்டுவேரைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அந்த நேரத்தில் கிளாக் அமைப்பு முடிந்திருக்காது. வெவ்வேறு கோப்புகளில் உள்ள கன்ஸ்ட்ரக்டர்களுக்குள் எது முன், எது பின் என்பதற்கும் மொழி உத்தரவாதம் தருவதில்லை. கன்ஸ்ட்ரக்டர் மதிப்புகளை மட்டும் நிரப்பட்டும். தொடங்கு என்று தனி ஃபங்ஷன் வைத்து மெயினிலிருந்து அழையுங்கள்.

இப்போது லிங்கர் கேட்கும் பெயர்கள். சிஎக்ஸ்ஏ-கார்ட்-அக்வயர் என்று கேட்டால், ஏதோ ஒரு ஃபங்ஷனுக்குள் கன்ஸ்ட்ரக்டருடன் ஸ்டாட்டிக் ஆப்ஜெக்ட் இருக்கிறது. நோ-த்ரெட்சேஃப்-ஸ்டாட்டிக்ஸ் ஃப்ளாக் அந்தக் காவலை நீக்கும். ஆனால் இரண்டு டாஸ்க்குகள் (மாறி மாறி ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் அந்த ஃபங்ஷனுக்குள் முதன்முறையாக நுழையாது என்பதை அதன்பின் நீங்கள்தான் உறுதிசெய்ய வேண்டும். ஏட்-எக்சிட், டிஎஸ்ஓ-ஹேண்டில் தொடர்பான பெயர்கள் வருவது குளோபல்களின் டிஸ்ட்ரக்டருக்காக. ஃபர்ம்வேர் முடிவதே இல்லை என்பதால் ஏட்-எக்சிட்டை வெற்று ஃபங்ஷனாகவும், டிஎஸ்ஓ-ஹேண்டிலை வெற்று பாயின்டர் மாறியாகவும் எழுதிவைத்தால் போதும். சிஎக்ஸ்ஏ-ப்யூர்-விர்ச்சுவல் மட்டும் லிங்க் ஆகிவிட்டாலும் நீங்களே எழுதுங்கள். நூலகத்தின் பதிப்பு எக்ஸெப்ஷன் கோடையும், பெயர்களைப் பிரித்தெழுதும் கோடையும் கூடவே இழுத்துவந்து பல கிலோபைட் ஃப்ளாஷைத் தின்னும். எக்ஸெப்ஷனையும், ஓடும்போது வகை அறியும் வசதியையும் நிறுத்தும் நோ-எக்ஸெப்ஷன்ஸ், நோ-ஆர்டிடிஐ ஃப்ளாக்குகள் இரண்டும் போட்ட பிறகும் அளவு குறையவில்லை என்றால் நியூ ஆப்பரேட்டரைப் பாருங்கள். அந்த ஃப்ளாக்குகள் உங்கள் கோடுக்குத்தான். ஏற்கெனவே கம்பைல் செய்துவைத்த நூலகத்தின் நியூ, நினைவகம் தீர்ந்தால் எக்ஸெப்ஷன் வீசும் கோடுடனே வரும். நியூ, டெலீட் இரண்டையும் நாமே எழுதிவிட்டால் அது போய்விடும்.

ஏஇஏபிஐ என்று தொடங்கும் பெயர்கள் வேறு இனம். சிப்பில் இல்லாத கணக்குகளை மென்பொருளில் செய்யும் துணை ஃபங்ஷன்கள் அவை. எம்0-வில் வகுத்தலுக்கு ஹார்டுவேர் இல்லை; உங்கள் எம்4-இல் ஃப்ளோட் (32 பிட் தசம எண்) உண்டு, டபுள் (64 பிட்) இல்லை. 1.5 என்று எழுதினால் அது டபுள். இறுதியில் எஃப் போட்டால்தான் ஃப்ளோட். இவற்றை ஜிசிசி கம்பைலரின் துணை நூலகமான லிப்ஜிசிசி தரும், ரஸ்டின் கம்பைலர்-பில்டின்ஸும் தரும். லிங்க் வரியில் லிப்ஜிசிசி கடைசியில் இருக்கட்டும். மெம்காப்பி, மெம்மூவ், மெம்செட், மெம்கம்பேர் நான்கையும் ஜிசிசி நூலகமே இல்லாத நிலையிலும் எதிர்பார்க்கும். மெம்செட்டை நீங்களே ஒரு லூப்பாக எழுதினால், அந்த லூப்பைப் பார்த்து ‘இது மெம்செட்’ என்று கண்டுகொண்டு கம்பைலர் மெம்செட் அழைப்பாகவே மாற்றிவிடும். தன்னைத் தானே அழைத்து ஸ்டேக் நிரம்பும். அந்தக் கோப்புக்கு மட்டும் நோ-ட்ரீ-லூப்-டிஸ்ட்ரிப்யூட்-பேட்டர்ன்ஸ் ஃப்ளாக் வேண்டும்.

எல்லையில் பேசும் மொழி சி-யாக இருக்கட்டும். சி++ ஃபங்ஷன் பெயரோடு அதன் ஆர்க்யுமென்ட் வகைகளையும் சேர்த்துத் திரித்துவிடுவதால், வெளியே தெரிய வேண்டியவற்றுக்கு எக்ஸ்டர்ன் "சி" போட வேண்டும். ரஸ்டில் எக்ஸ்டர்ன் "சி" உடன் நோ-மேங்கிள் அடையாளமும் தேவை. 2024 எடிஷனில் அதை அன்சேஃப் என்ற உறைக்குள் எழுத வேண்டும். இதை மறந்தால் சாதாரண ஃபங்ஷனுக்கு லிங்கர் பிழை சொல்லிவிடும். இன்டரப்ட் ஹேண்ட்லருக்குச் சொல்லாது. ஸ்டார்ட்அப் கோப்பில் ஒவ்வொரு ஹேண்ட்லருக்கும் வீக் சிம்பலாக, அதாவது அதே பெயரில் வேறொன்று வந்தால் விட்டுக்கொடுப்பதாக, ஒரு முடிவில்லா லூப் இருக்கிறது. உங்கள் பெயர் திரிந்துவிட்டால் அந்த வீக் பதிப்பே நின்றுவிடும். முதல் இன்டரப்ட் வந்ததும் ஃபர்ம்வேர் உறையும்.

இதே சிக்கலுக்கு, பலரும் நாட்கணக்கில் தேடும் இன்னொரு காரணம் உண்டு. ஹேண்ட்லர் பெயரெல்லாம் சரி, ஆனால் அது ஒரு ஸ்டாட்டிக் லைப்ரரிக்குள் (ஆப்ஜெக்ட் கோப்புகளின் தொகுப்புக்குள்) இருக்கிறது. ரஸ்ட் பகுதி எப்போதும் அப்படித்தான் வரும். இன்னும் தீராத சிம்பல் இருந்தால்தான் லிங்கர் லைப்ரரியைத் திறந்து பார்க்கும். வீக் பதிப்பு ஏற்கெனவே கையில் இருப்பதால் தேடாது. அதே பெயரை அன்டிஃபைண்டு ஃப்ளாக்கில் கொடுத்தாலும் பயனில்லை; வீக் பதிப்பே அதையும் தீர்த்துவிடும். அந்த லைப்ரரியை ஹோல்-ஆர்க்கைவ் என்று முழுதாக இழுங்கள், அல்லது ஹேண்ட்லர் இருக்கும் அதே ஆப்ஜெக்ட் கோப்பில் உள்ள வேறொரு ஃபங்ஷனை மெயினிலிருந்து அழையுங்கள். அதைவிட எளிது: ஹேண்ட்லரை சி கோப்பிலேயே இரண்டு வரியில் எழுதி, அதிலிருந்து ரஸ்ட் ஃபங்ஷனை அழைப்பது. உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு நான் பரிந்துரைப்பது இதையே.

கார்டெக்ஸ்-எம் இன்டரப்ட் வந்ததும் ஆர்0 முதல் ஆர்3, ஆர்12, எல்ஆர், பிசி, எக்ஸ்பிஎஸ்ஆர் என 8 ரெஜிஸ்டர்களை, அதாவது 32 பைட்டை, தானே ஸ்டேக்கில் வைக்கும். அதனால்தான் சாதாரண சி ஃபங்ஷனே ஹேண்ட்லராக இருக்க முடிகிறது. ஃப்ளோட் பயன்படுத்திய டாஸ்க் என்றால் இது 104 பைட்டாகும். டாஸ்க் மாறும்போது எஸ்16 முதல் எஸ்31 வரை சேமிக்க மேலும் 64. ஃப்ளோட்டே தொடாத டாஸ்க்குக்கு அளந்துவைத்த ஸ்டேக்கில் ரஸ்ட் பகுதியின் ஃப்ளோட் கணக்கைக் கொண்டுவந்து சேர்த்தால் 136 பைட் குறையும் என்று கணக்கிடுங்கள்.

அழைப்பு முறையில் மூன்று பொருத்தம் பார்க்க வேண்டும். முதலாவது ஃப்ளோட் ஏபிஐ, அதாவது ஃப்ளோட் மதிப்புகளை எந்த ரெஜிஸ்டரில் கைமாற்றுவது என்னும் விதி. சி பகுதி ஹார்ட் என்றால் ரஸ்ட் டார்கெட் பெயர் இறுதியில் இஏபிஐஎச்எஃப் என்று முடிய வேண்டும். சாஃப்ட் அல்லது சாஃப்ட்எஃப்பி என்றால் இஏபிஐ மட்டும். மாறினால், விஎஃப்பி ரெஜிஸ்டரில் ஆர்க்யுமென்ட் தருகிறது, தரவில்லை என்று லிங்கர் புகார் சொல்லும். அந்தப் புகாரை அடக்க வழி தேடாதீர்கள், அது உண்மை.

இரண்டாவது ஸ்டேக் ஒழுங்கு. ஃபங்ஷன் அழைப்பின்போது ஸ்டேக் பாயின்டர் 8-ஆல் வகுபட வேண்டும். நீங்களே எழுதிய ஷெட்யூலரோ அசெம்பிளியோ 4-ஆல் மட்டும் வகுபடும் ஸ்டேக்கைத் தந்தால் கிட்டத்தட்ட எல்லாமே ஓடும். பிரிண்ட்எஃப்-இல் ஃப்ளோட்டோ 64 பிட் எண்ணோ மட்டும் குப்பையாக வரும். ஆர்க்யுமென்ட் பட்டியலில் 8 பைட் மதிப்பைத் தேடும்போது முகவரியை 8-இன் மடங்குக்கு நகர்த்திப் பக்கத்து இடத்தைப் படித்துவிடுவதே காரணம். அசெம்பிளியில் ஆர்4 முதல் ஆர்11 வரை தொட்டால் திருப்பி வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும், இது கார்டெக்ஸ்-எம் ஓட்டும் தம்ப் கோட் என்று காட்டும் தம்ப்-ஃபங்க் குறியீடு போடுங்கள். இல்லாவிட்டால் பாயின்டர் வழியே அழைக்கும்போது முகவரியின் கடைசி பிட் 0 ஆகி ஃபால்ட் வரும்.

மூன்றாவது வகைகளின் அளவு. ரஸ்ட் ஸ்ட்ரக்ட்டுக்கு ரெப்ர்-சி போடாவிட்டால் உறுப்புகளின் வரிசையை மாற்ற அதற்கு உரிமை உண்டு. பெயரிட்ட மதிப்புகளின் வகையான ஈனம் (enum) இன்னும் ஆபத்தானது. ஆர்ம் மைக்ரோகண்ட்ரோலருக்கான ஜிசிசி, மதிப்பு சிறிதாக இருந்தால் ஈனத்தை 1 பைட்டில் அடக்கும். கிளாங் கம்பைலர் தானாக அப்படிச் செய்யாது, 4 பைட் எடுக்கும். சி ஹெடரிலிருந்து ரஸ்ட் வரையறைகளை உருவாக்கும் பைண்ட்ஜென் கருவி கிளாங்கை வைத்து அதைப் படிப்பதால், ஷார்ட்-ஈனம்ஸ் ஃப்ளாக்கைக் கொடுக்காவிட்டால் அது தரும் ஸ்ட்ரக்ட்டில் ஈனத்துக்குப் பின் வரும் உறுப்புகள் இடம் பெயரும். கட்டளை வரியில் இயக்கினால் டார்கெட்டையும் சொல்ல வேண்டும், இல்லையேல் உங்கள் கணினியின் 64 பிட் பாயின்டர் அளவை எடுத்துக்கொள்ளும். எல்லையில் ஈனத்தைத் தவிர்த்து 8 பிட், 32 பிட் என அளவு வெளிப்படையான வகைகளை வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. ரஸ்டின் பூல் 0 அல்லது 1 மட்டுமே என்பதால், சி-யிலிருந்து வரும் கொடியை எண்ணாக வாங்கி உள்ளே சோதித்துக்கொள்ளுங்கள்.

ரஸ்ட் பகுதியை ஸ்டாட்டிக்-லிப் வகையில், ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை நம்பும் வழக்கமான நூலகம் வேண்டாம் என்னும் நோ-எஸ்டிடி அடையாளத்தோடு உருவாக்குங்கள். ஸ்டார்ட்அப்பும் வெக்டர் டேபிளும் சி பக்கம் இருப்பதால் கார்டெக்ஸ்-எம்-ஆர்டி கிரேட்டை (ரஸ்ட் தொகுப்பை) சேர்க்கக் கூடாது. சேர்த்தால் இரண்டாவது வெக்டர் டேபிளும் இரண்டாவது ரிசெட் ஹேண்ட்லரும் வந்து நிற்கும். மீள முடியாத பிழையில் ரஸ்ட் அழைக்கும் பானிக் ஹேண்ட்லர் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். ரஸ்டில் இரண்டு நூலகங்கள் தேவைப்பட்டால் இரண்டு ஸ்டாட்டிக்-லிப் உருவாக்காமல், இரண்டையும் உள்ளடக்கிய ஒரே கிரேட்டிலிருந்து ஒன்று மட்டும் உருவாக்குங்கள். இல்லையேல் ஒரே சிம்பல் இருமுறை வருகிறது என்று லிங்கர் நிறுத்தும். பானிக் ஹேண்ட்லருக்குள் செய்தியை அழகாக அச்சிட முயன்றால் ஃபார்மேட்டிங் கோட் பல கிலோபைட் சேரும். சி-யில் ஏற்கெனவே இருக்கும் பிழை ஃபங்ஷனுக்குக் கோப்பின் வரி எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு நிற்பது போதும்.

ஓடும்போது கேட்கும் நினைவகத்தைப் பிரித்துத் தரும் ஹீப் ஒன்றே இருக்கட்டும். ரஸ்டின் குளோபல் அலொகேட்டரையும் சி++ நியூவையும் ஒரே அலொகேட்டருக்கு, ஆர்டிஓஎஸ் (டாஸ்க்குகளை மாற்றி மாற்றி ஓட்டும் சிறு ஆப்பரேட்டிங் சிஸ்டம்) இருந்தால் அதன் அலொகேட்டருக்கே, திருப்பிவிடுங்கள். நியூலிப்பின் மாலாக்கை டாஸ்க்குகளுக்குள் பயன்படுத்துவதானால் மாலாக்-லாக், மாலாக்-அன்லாக் இரண்டையும் நீங்கள் எழுத வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு டாஸ்க்குகள் மோதி ஹீப் சிதையும். ‘நான் மாலாக்கை அழைப்பதே இல்லை’ என்றால் லிங்கர் எழுதித் தரும் மேப் கோப்பைப் பாருங்கள். பிரிண்ட்எஃப் தன் பஃபருக்காக அழைக்கும். மாலாக்குக்கு ரேம் பெற்றுத் தரும் எஸ்பிஆர்கே ஃபங்ஷனின் பல மாதிரிக் கோட்கள், ஹீப்பின் நுனி இப்போதைய ஸ்டேக் பாயின்டரைத் தாண்டிவிட்டதா என்று சோதிக்கின்றன. டாஸ்க்கின் ஸ்டேக் பிஎஸ்எஸ் பகுதியில், ஹீப்புக்குக் கீழே இருந்தால் அந்தச் சோதனை எப்போதும் தோற்கும். ரேம் காலியாக இருக்கும்போதே மாலாக் பூஜ்யம் தரும். ஸ்டேக் பாயின்டருக்குப் பதில் லிங்கர் ஸ்கிரிப்ட் தரும் நிலையான எல்லையோடு ஒப்பிடுங்கள்.

பகிரும் மாறிகளைப் பூட்டும் முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஃப்ரீஆர்டிஓஎஸ் எம்4-இல் பேஸ்ப்ரை ரெஜிஸ்டர் வழியே குறிப்பிட்ட முன்னுரிமை வரைதான் இன்டரப்ட்டுகளை நிறுத்தும். அதற்கு மேலுள்ளவை ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மேல்தட்டு இன்டரப்ட்டிலிருந்து ரஸ்ட் கோட் அதே மாறியைத் தொட்டால் சி பக்கத்துப் பூட்டு காப்பாற்றாது. பின்னாளில் எம்0-க்கு மாற்ற எண்ணமிருந்தால் இன்னொன்று: அதில் அட்டாமிக்காக, அதாவது இடையில் எதுவும் குறுக்கிடாமல், ஏற்றலாம், எழுதலாம், ஆனால் கூட்டி எழுதும் செயலுக்கு வன்பொருள் ஆதரவில்லை. சி++ லிங்கரில் நிற்கும், ரஸ்ட் கம்பைலிலேயே நிற்கும்.

மைக்ரோபைத்தான் போன்ற இன்டர்ப்ரெட்டரைச் சேர்ப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. அதன் எக்ஸெப்ஷன் லாங்ஜம்ப் போல ஸ்டேக்கைத் தாண்டிக் குதிக்கும். இடையில் சி++ ஃபங்ஷன் இருந்தால் டிஸ்ட்ரக்டர் ஓடாது, அதற்குள் பூட்டிய மியூட்டெக்ஸ் பூட்டியபடியே கிடக்கும். அதன் குப்பை சேகரிப்பான் உங்கள் சி ஸ்டாட்டிக் மாறிகளைப் பார்ப்பதில்லை. பைத்தான் ஆப்ஜெக்ட்டின் பாயின்டரை அங்கே மட்டும் வைத்தால், ரூட் பாயின்டராகப் பதிவு செய்யாதவரை, ஆப்ஜெக்ட் ஒரு நாள் கையைவிட்டுப் போய்விடும். ஏடா மொழியில் எழுதிய பகுதி சேர்த்தால் அதன் பைண்டர் கருவி உருவாக்கும் ஏடா-இனிட்டை மெயினின் தொடக்கத்தில் அழைக்க வேண்டும். ஏவிஆர் சிப்பில் டபுள் வழக்கமாக 4 பைட், இன்ட் 2 பைட். ரஸ்டின் எஃப்64 அங்கும் 8 பைட்தான். அசெம்பிளியில் பெருக்கல் செய்தால் ஆர்1 கலையும். திரும்பும் முன் அதைப் பூஜ்யமாக்க வேண்டும், கம்பைலர் அதில் எப்போதும் பூஜ்யம் இருப்பதாகவே நம்புகிறது.

இனி உங்கள் ஹார்ட் ஃபால்ட். முதலில் ஃபால்ட்டின் காரணத்தைச் சொல்லும் சிஎஃப்எஸ்ஆர் ரெஜிஸ்டரைப் படியுங்கள். என்ஓசிபி பிட் என்றால் ஃப்ளோட்டிங் பாயின்ட் யூனிட் விழிக்கவில்லை. இன்வ்ஸ்டேட் என்றால் தம்ப் பிட் இல்லாத முகவரிக்கோ, கட்டப்படாத ஆப்ஜெக்ட்டின் விர்ச்சுவல் டேபிள் வழியாகவோ தாவியிருக்கிறது. பிறகு ஃபால்ட் ஹேண்ட்லருக்குள் நுழைந்த கணத்தில் எல்ஆர்-இன் 2-ஆம் பிட்டைப் பாருங்கள்: 0 என்றால் முதன்மை ஸ்டேக், 1 என்றால் டாஸ்க்கின் ஸ்டேக். அந்த ஸ்டேக் பாயின்டரிலிருந்து 24 பைட் தள்ளி இருப்பது ஃபால்ட் ஆன பிசி. 20 பைட் தள்ளி இருப்பது அழைத்தவரின் முகவரி. இரண்டையும் ஆடர்2லைன் கருவியிடம் கொடுத்தால் கோப்பும் வரியும் தெரியும். ரஸ்ட் பகுதிக்கும் வரி எண் வர, ரிலீஸ் ப்ரொஃபைலில் டீபக் தகவலை இயக்கி வையுங்கள். அது இஎல்எஃப் கோப்பில் மட்டும் இருக்கும், ஃப்ளாஷில் ஒரு பைட்டும் எடுக்காது.